ஜீப்புக்கு ஒரு பிடி வெந்தயம்

வாய் பேசாத பொம்பளையைப் பார்த்தால் எல்லாரும் "பாவம், சாதுவான ஆள்" என்கிறார்கள். வாய் சும்மா இருக்கிறவளுக்குக் கை சும்மா இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. யாராவது நேருக்கு நேர் பார்த்துப் பெயரைக் கேட்டாலே தலை தானாகக் குனிந்துவிடும். கை மட்டும் எதையாவது பிய்த்துக்கொண்டும் கிள்ளிக்கொண்டும் கலக்கிக்கொண்டும் இருக்கும். (தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கொப்பியைக் கிழித்துச் சுருட்டியிருப்பேன். பதில் மட்டும் வராது.)

இந்தக் கைகள் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை, ஒரு கல்யாண மாப்பிள்ளையை நடு ரோட்டில் வைத்துக் குளிப்பாட்டியதுதான்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு ஜீப் கிடந்தது. நின்றது என்று சொல்ல முடியாது, கிடந்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் டிரைவராக இருந்தபோது மேனேஜர் தொரைக்கு ஓட்டிய வண்டி. அந்த மாதிரி ஜீப் செய்வதைக் கம்பெனிக்காரனே நிறுத்திவிட்டானாம். தோட்டத்துக்குப் புது வண்டி வந்ததும் இதைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார்கள். இவர் போய்க் கெஞ்சிக் கூத்தாடி, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பலாமரத்தடியில் விட்டார்.

"இது மலையேறுற வண்டி, பாக்கியம். இத மாதிரி இனி எவனும் செய்ய மாட்டான்" என்றார்.

மலையேறுகிற வண்டி அதற்குப் பிறகு பல வருஷம் பலாமரத்தடியை விட்டு ஒரு அடி ஏறவில்லை. ஆனால் எனக்கு அது நல்ல உபயோகமாக இருந்தது. அதன் பொனட் தட்டையாக, அகலமாக இருக்கும். வெயில் ஏறினால் தோசைக்கல் மாதிரிச் சுடும். மிளகும் கராம்பும் அதில் காய்ந்ததுபோல வேறு எங்கேயும் காயாது. பின் சீட்டில் கோழி அடை கிடக்கும். எங்கள் வீட்டில் சும்மா கிடந்துகொண்டே இத்தனை வேலை செய்தது அந்த ஜீப் ஒன்றுதான். (வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகு என் வீட்டுக்காரரும் கிடந்தார். அவர் மேல் மிளகு காயப்போட முடியாது.)

அதைக் கிளப்பியது என் மகன் சிவா. ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அப்பா! நம்ம ஜீப்ப மறுபடி செய்றாங்களாம்! அதே வட்ட லைட்டு, அதே பெட்டி மாதிரி ஒடம்பு. பாருங்க!"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளியே நம்ம ஜீப் மாதிரியே இருந்தது. உள்ளே விமானம் மாதிரி இருந்தது.

"இது வேஷம்" என்றார் அவர். "புதுசா செஞ்சு பழசு மாதிரி காட்டுறான்."

"அதத்தான் நானும் சொல்றேன். நம்மகிட்ட அசல் பழசே இருக்கு. இதக் கெளப்பிட்டா கல்யாணத்துக்கு, வெள்ளக்காரங்களுக்கு, எல்லாத்துக்கும் வாடகைக்கு ஹயர் ஓடலாம்."

இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் வேறு. சிவாவுக்குக் கட்டாரில் வேலை தயாராக இருந்தது. ஏஜென்சிக்காரன் வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவான். போன் அடிக்கும்போதெல்லாம் என் கை எதையாவது பிய்க்கும். வாசலில் இருந்த குரோட்டன் செடி அந்த மாதங்களில் மொட்டையாகிவிட்டது. இருப்பது ஒரே மகன். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனாகத்தான் ஒரு வார்த்தை சொன்னான்: "இந்த வண்டி மொத ஹயர ஒழுங்கா ஓடி முடிச்சிரிச்சின்னா நான் இங்கயே இருக்கேன்மா. இல்லாட்டி பிளேன் ஏறிருவேன்."

அன்றிலிருந்து நான் கும்பிடாத சாமியில்லை. மிளகைப் பாயில் காயப்போட்டேன். கோழிக்கு வேறு இடம் பார்த்தேன்.

அப்பனும் மகனும் மாசக்கணக்காக அந்த வண்டிக்குக் கீழேயே குடியிருந்தார்கள். இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான்.

"அந்த ஸ்பேனர அவன்கிட்டக் கேளு."

"ஸ்பேனர் அவர் தலமாட்டுலதான் இருக்குன்னு சொல்லுங்கம்மா."

"ரேடியோ பூட்டப் போறானாம். இந்த வண்டிக்கு என்னாத்துக்கு ரேடியோன்னு கேளு. எஞ்சின் சத்தத்துல ரேடியோ எங்க கேக்கும்?"

"வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. கத்த வேணாம்னும் சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒன்றுமே சொல்வதில்லை. நான் நின்றால் போதும், சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்படியே வண்டி உருப்பெற்றது. வட்ட லைட்டு வந்தது. துணிக் கூரை வந்தது. முன் கண்ணாடியை மடித்துப் பொனட் மேல் படுக்க வைக்கலாம். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. பச்சைப் பெயின்ட் அடித்து அது முற்றத்தில் நின்றபோது (இப்போதுதான் அதை நின்றது என்று சொல்லலாம்) என் வீட்டுக்காரர் ஒரு தடவை சுற்றி வந்து, மகனைப் பார்த்து நேராகவே, "ம்" என்றார். அந்த வீட்டில் அது பெரிய பாராட்டு.

ஒரே ஒரு குறை. வண்டிக்குச் சூடு. கொஞ்சம் தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். முன்பக்கம் புசுபுசுவென்று ஆவி போகும்.

"சூடு கொறையலியே" என்பார் இவர்.

"நேத்துக்கு இன்னிக்குப் பரவால்ல" என்பான் அவன்.

"ஏத்தத்துல ஏறுனா தெரியும் பரவால்லையா இல்லியான்னு."

இதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருக்கலாமா? இருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை.

எனக்கு எஞ்சின் தெரியாது, சூடு தெரியும். பிள்ளைக்கு உடம்பு கொதித்தால் ராத்திரி ஊறப்போட்ட வெந்தயம். அம்மை போட்டால் மஞ்சளும் வேப்பிலையும். மாத்தளையில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முத்துமாரி கோயில் பக்கத்தில் இருக்கும்போது சூட்டுக்கு வேறு யாரிடம் போவது? சிவா சின்னப் பிள்ளையில் சூட்டு உடம்புக்காரன். அவன் குடித்த வெந்தயத் தண்ணியை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு குளம் நிரம்பும். மனுஷனுக்கு இறங்குகிற சூடு இரும்புக்கு இறங்காதா என்று எனக்குத் தோன்றியது. (இப்போது எழுதும்போதுகூட அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரித்தான் படுகிறது.)

முதல் ஹயர் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீடு பல்லேபொல பக்கம். மண்டபம் மாத்தளையில். மாப்பிள்ளை ஜீப்பில் வந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலேயே இவர் என்னைக் கூப்பிட்டார். "பாக்கியம், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தி வை. அந்த மூடியத் தொறந்து நெறய ஊத்து." அவருக்குக் குனிந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மகன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. முந்தின நாளே கோயிலுக்குப் போய் மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கும்பிட்டுக் கொண்டு வந்திருந்தேன். மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்தேன். வேப்பிலையை உருவிப் போட்டேன். ஊறி நன்றாகப் பருத்திருந்த வெந்தயம் ஒரு பிடி. "தாயே, இந்த ஒரு நாளைக்கு இதுக்குச் சூட்ட எறக்கு. எம்புள்ளய அனுப்பிறாத" என்று சொல்லி, மூடியைத் திறந்து ஊற்றினேன். வண்டி மடக் மடக்கென்று குடித்தது. சிவா ஒருநாளும் அப்படி மறுபேச்சில்லாமல் குடித்ததில்லை. மூடியை மூடி, அதற்கு ஒரு பொட்டும் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் வரக்கூடாது என்பது மகனின் கண்டிஷன். "அப்பா பக்கத்துல ஒக்காந்து 'கியர மாத்து, கியர மாத்து'ன்னா, மாப்பிள்ளய எறக்கிட்டு நானும் எறங்கிருவேன்." அதனால் வண்டிக்குக் கட்ட வேண்டிய பூவைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். மாப்பிள்ளை வீட்டில் பூவைக் கட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. போகும்போது வண்டி நன்றாகத்தான் ஓடியது. பெரும்பாலும் இறக்கம். அம்மன் கேட்டுவிட்டாள் என்று நினைத்து, அன்றைக்கு முதல் தடவையாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் ஜீப்பைச் சுற்றிக்கொண்டார்கள். போட்டோக்காரர் முன் கண்ணாடியை மடிக்கச் சொன்னார். நான் வழக்கம்போல ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்து வண்டிக்குப் பின்னால் நின்றேன். சொந்தக்காரர்களும் மாப்பிள்ளைத் தோழனும் வேனில் ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளை ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். குரலும் உருவமும் பெரிதான அம்மா. ஏறி உட்கார்ந்தவர் ஆட்களை எண்ணிப் பார்த்து அலறிவிட்டார்.

"அடப்பாவிகளா! மூணு பேரா? நல்ல காரியத்துக்கு மூணு பேரா போறதா? இன்னொரு ஆள் ஏறுங்க!"

வேன் அதற்குள் ரோட்டுக்குப் போய்விட்டது. மிச்சம் நின்றது நான்தான்.

"இந்தா தங்கச்சி, நீ யாரு?"

நான் தலையைக் குனிந்தேன்.

"எங்க அம்மாங்க" என்றான் சிவா.

"அப்பறம் என்னா நிக்கிற? நீயும் சுமங்கலிதானே? ஏறு! இந்தா, இந்த மாலையக் கொஞ்சம் புடி. நசுங்கிறப் போவுது, கவனம்."

ஒரு கையால் என்னை இழுத்து உள்ளே போட்டார். மறு கையால் மாப்பிள்ளை மாலையை என் மடியில் வைத்தார். அவரும் நானும் எதிரெதிர் பெஞ்சில். முட்டிக்கு முட்டி இடிக்கிறது. இப்போதைய வண்டியென்றால் எல்லாரும் முன்னால் பார்த்து உட்கார்ந்துவிடலாம். இந்தப் பழைய வண்டியில் எதிரே இருக்கிற ஆளின் முகத்தைத் தவிரப் பார்ப்பதற்கு வேறொன்றும் கிடையாது.

"எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "புள்ளைங்க எத்தன?" என்றார். நான் ஒரு விரலைக் காட்டினேன். "ஒண்ணே ஒண்ணா! அதையும் கட்டாருக்கு அனுப்பாம வச்சிருக்கியே, புண்ணியவதி!"

அப்போதுதான் ஏற்றம் ஆரம்பித்தது.

முதலில் வாசனை வந்தது. கண்ணாடி மடித்திருந்ததால் நேராக மாப்பிள்ளை மூக்குக்குத்தான் போயிருக்கும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு வீட்லயோ ரசம் வைக்கிறாங்க பெரியம்மா."

"ஆமா! நல்ல வாசமா இருக்கே. வெந்தயம் தாளிக்கிறாங்க."

தாலி கட்டும் வரைக்கும் மாப்பிள்ளை ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று விரதம். அவர் எச்சில் விழுங்கியது பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. ஒரு வளைவு தாண்டினோம். இன்னொரு வளைவு தாண்டினோம். வீடுகள் முடிந்து வெறும் காடு வந்துவிட்டது.

"என்னாடா இது?" என்றார் பெரியம்மா. "அந்த வீட்டு ரசம் நம்ம கூடவே வருது!"

சிவாவின் கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது. சூட்டைக் காட்டுகிற முள்ளை அவன் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. "தம்பி, நிறுத்து, நான் ஒன்னு ஊத்திட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வார்த்தை. முன்னால் மாப்பிள்ளை, எதிரே பெரியம்மா. வாய் ஒட்டிக்கொண்டது. உட்கார முடியவில்லை, எழுந்து நிற்கவும் கூரை விடவில்லை. ஒரு தடவை வலப்பக்கம் நகர்ந்தேன், ஒரு தடவை இடப்பக்கம். பெஞ்சில் முள் இருக்கிறதா என்று பெரியம்மா குனிந்து பார்த்தார்.

ஏற்றத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வண்டி ஒரு நீளமான பெருமூச்சு விட்டு நின்றது. பொனட் இடுக்கில் எல்லாம் ஆவி.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சிவா குதித்து இறங்கி, கண்ணாடியை நிமிர்த்திவிட்டுப் பொனட்டைத் தூக்கினான். "கிட்ட வராதீங்க! சூடா இருக்கு. நான் துணி எடுத்துட்டு வாறேன்." அவன் பக்கவாட்டில் வந்து சீட்டுக்குக் கீழே துணியைத் தேடினான்.

கிட்ட வராதே என்றால் எந்த ஆம்பிளை கேட்பான்? பொனட் திறந்திருந்தால் எட்டிப் பார்க்காத ஆம்பிளை இன்னும் பிறக்கவில்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்த மாதிரி நாலு அடி தள்ளி நின்று கழுத்தை நீட்டினார்.

மூடி தானாகவே பறந்தது. "டொப்" என்று ஒரு சத்தம். மூடி மரத்தில் பட்டுத் திரும்பி வருவதற்குள், மஞ்சளாக ஒரு தூண் வானத்துக்கு எழும்பி, மேலே விரிந்து, அப்படியே மாப்பிள்ளை தலையில் மழையாகக் கொட்டியது. அவ்வளவு உயரம் போய் வந்ததில் தண்ணி ஆறி வெதுவெதுப்பாகிவிட்டது. அது ஒன்றுதான் அன்றைக்கு அம்மன் எனக்குச் செய்த உதவி.

தலைப்பாகை மஞ்சள். சட்டை மஞ்சள். வேட்டி மஞ்சள். நெற்றியில் சரியாகப் பொட்டு வைக்கிற இடத்தில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அசையவில்லை. கை இன்னும் பின்னால்தான் கட்டியிருந்தது.

பெரியம்மா ஜீப்பை விட்டு இறங்கினார். மஞ்சளைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். அவர் கொண்டை தானாக அவிழ்ந்தது.

"ஆத்தா..." என்று மெதுவாக ஆரம்பித்து, அடுத்த நிமிஷம் ரோடே அதிரும்படி, "யாருன்னு நெனச்ச? நாந்தாண்டா! முத்துமாரிடா!" என்று ஆட ஆரம்பித்துவிட்டார். "எம்புள்ளைக்கு நானே நலங்கு வச்சேண்டா! இது என் வண்டிடா!"

எங்களைக் காணவில்லை என்று திரும்பி வந்த வேன் அப்போதுதான் நின்றது. எல்லாரும் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா பொனட்டைத் தொட்டுக் கும்பிடப் போய், சூடு பட்டுக் கையை உதறி, "தாயே, என்னா உக்கிரம்!" என்றார். மாத்தளை பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் இறங்கி "மொகத வுனே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன நடந்ததென்று யாரோ சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் கும்பிட்டார். போட்டோக்காரர் மட்டும் நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார். (சிவா பிறகு சொன்னான்: "அம்மன் 'என் வண்டி'ன்னதும், லைசன்ஸ் புத்தகத்துல பேர் மாத்தணுமோன்னு எனக்குப் பயம் வந்திருச்சி.")

நான் ஜீப்புக்குள்ளேயே இருந்தேன். ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது, அதை மறைக்க மாட்டேன். இப்படியே போனால் வண்டி கெட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகன் தப்பிப்பான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது என்னை மாதிரி யாருக்கு வரும்?

அப்போது மாப்பிள்ளைத் தோழன் வந்து மாப்பிள்ளையின் தோளைத் தட்டிவிட்டான். எதையோ எடுத்து உற்றுப் பார்த்தான். வாயில் போட்டுக் கடித்தான்.

"டே, இது வெந்தயம்டா."

"என்னாது?"

"வெந்தயம். நல்லா வெந்திருக்கு."

எல்லாரும் குனிந்து தேடினார்கள். சட்டையில் வெந்தயம். தலைப்பாகை மடிப்பில் வெந்தயம். ஆடிக்கொண்டிருந்த பெரியம்மாவின் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு கண் மட்டும் திறந்தது.

"அம்மனுக்கு ஏது வெந்தயம்?" என்றார்.

கேட்டது பெரியம்மாவா அம்மனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் என் மகன் கையில் துணியோடு அப்படியே மெதுவாகத் திரும்பினான். வெந்தயம் என்றால் யார் என்று அவன் நாக்குக்குத் தெரியும். சின்ன வயசில் குடித்த நாக்கு.

"அம்மா..."

பஸ்ஸில் இருந்தவர்கள் உட்பட எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் ஆயுளில் அத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை. என் கல்யாணத்தில்கூட இல்லை.

"சூட்டுக்கு..." என்றேன். குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது. "வண்டிக்குச் சூடுன்னாங்க... அதான், வெந்தயம்..."

முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தார். வேப்பிலை நெற்றியில் ஆட ஆட, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் தோழன், அப்புறம் வேன், அப்புறம் பஸ். சிரிக்காதவர்கள் மூன்று பேர். நான், என் மகன், அவிழ்ந்த கொண்டையோடு நடு ரோட்டில் நின்ற பெரியம்மா.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அந்த ஒரு நேரம் அவருக்கும் கூச்சம் வந்திருந்தது. கூச்சத்தைக் கண்டால் எனக்குத் தெரியாதா? பாவமாக இருந்தது. ஆனால் அவர் என்னை மாதிரி இல்லை. ஒரே மூச்சில் கொண்டையை முடிந்துகொண்டு, "என்னா சிரிப்பு?" என்று அதட்டினார். "இந்தப் பொம்பளைக்கு இத ஊத்தத் தோணுச்சே, தோண வச்சது யாரு? அவதான்! அம்மன் வேற எப்பிடி வருவா, பஸ்ல ஏறியா வருவா? நேரமாவுது, தள்ளுங்கடா வண்டிய!"

அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போய் என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டார்.

உச்சி வரைக்கும் எல்லாருமாகத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு இறக்கம். எஞ்சின் இல்லாமலேயே, பிரேக்கை மிதித்து மிதித்து, சிவா வண்டியை மண்டபத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். கடைசித் துண்டு ரோட்டில் மேளக்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டு போக, தோழனும் சொந்தக்காரர்களும் பின்னால் தள்ள, நாங்கள் வாசலில் போய் நின்றோம். "நலங்க முடிச்சே கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று பொண்ணு வீட்டார் கேட்டார்கள்.

பெரியம்மா என் பக்கம் கையை நீட்டினார். "தங்கச்சி, மாலையக் குடு."

நான் மடியைப் பார்த்தேன். மாலை இல்லை. நார் இருந்தது. பூவெல்லாம் ஜீப்புக்குள் என் காலடியில் கிடந்தது.

அதற்கு அவர் அம்மனைக் கூப்பிடவில்லை. தலையில் மட்டும் அடித்துக்கொண்டார். பொண்ணு வீட்டில் வேறு மாலை இருந்தது. முகூர்த்தம் தப்பவில்லை. மணவறையில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் பொண்ணு சிரித்துவிட்டாள். தாலி கட்டும்போதும் சிரித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

சாயங்காலம் ஜீப் டிராக்டரில் கட்டி இழுத்து வரப்பட்டது, முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த மாதிரியே. என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். மூக்கைச் சுருக்கி முகர்ந்து பார்த்தார்.

"வண்டி ஏன் ரசம் நாறுது?" என்று என்னிடம் கேட்டார். பதிலும் என் வழியாகத்தானே வர வேண்டும்? நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையிலேயே ஏஜென்சிக்காரன் போன் பண்ணினான். சிவா ஜீப்புக்குக் கீழே கிடந்தான். படுத்தபடியே போனைக் காதில் வைத்து, "ம்... ம்... சரி" என்றான். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். அவன் வெளியே உருண்டு வந்தான். முகம் முழுக்க மஞ்சள்.

"வர மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றான்.

நான் நம்பாமல் நின்றேன். "மொத ஹயர்லயே நின்னுபோச்சே..." என்றேன்.

"நின்னது வண்டியால இல்லியே! இவ்வளவையும் குடிச்சிட்டு அந்த ஏத்தம் ஏறியிருக்கு பாருங்க. வேற வண்டின்னா வாசல்லயே வாந்தி எடுத்திருக்கும்." என் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டான். "அதுவுமில்லாம, இந்த வண்டிய ஒங்கள நம்பி விட்டுட்டு நான் கட்டார்ல எப்பிடிம்மா தூங்குவேன்?"

வண்டிக்கு அடுத்த பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர், "அதத்தான் நானும் சொல்ல இருந்தேன்" என்றார், மகனிடம் நேராகவே.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி முடிக்கிற வாரத்திலேயே இரண்டாவது ஹயர் வந்தது. போன் பண்ணியது அந்த மாப்பிள்ளைதான். அவர் கூட்டாளி ஒருவருக்குக் கல்யாணமாம். "அண்ணே, அதே ஜீப்புதான் வேணுமாம். தண்ணி மட்டும் பைப்புத் தண்ணியா ஊத்துங்கண்ணே" என்றாராம்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும், "அம்மாகிட்ட சொல்லாதீங்க, மூடியத் தொறப்பாங்க" என்கிறார்கள். மருமகள் வந்த புதிதில் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த கதை இதுதான். அவளும் சமையலுக்கு வெந்தயம் வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்கிறாள்.

சிவா ஜீப்பின் பொனட்டுக்கு ஒரு பெரிய பித்தளைப் பூட்டுப் போட்டிருக்கிறான். சாவி என் வீட்டுக்காரர் இடுப்பில். ஜீப்பில் மலை பார்க்க வருகிறவர்கள் அந்தப் பூட்டைத்தான் முதலில் படம் பிடிக்கிறார்கள். ஒரு தடவை வந்த வெள்ளைக்காரர், கம்பெனி மறுபடி செய்து விடுகிற அந்தப் புது ஜீப்பைத் தன் ஊரில் சொந்தமாக வைத்திருக்கிறவராம். லைட்டைத் தடவினார், கண்ணாடியை மடித்துப் பார்த்தார், எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். பூட்டைக் கண்டதும் நின்றுவிட்டார். என் வண்டிக்கு இது வரவில்லையே என்று கேட்டாராம்.

"இது அசல் பழசுக்கு மட்டுந்தான் சார் வரும்" என்றிருக்கிறான் இவன், கொஞ்சமும் சிரிக்காமல்.

இந்தப் பக்கம் அவ்வளவு கள்ளர் பயமா என்று அவர் திருப்பிக் கேட்டார். சிவா அவருக்கு என்ன சொன்னானோ தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

பூட்டு இன்னும் தொங்குகிறது. மகனும் இங்கேதான் இருக்கிறான். தொங்கட்டும்.